திரும்பிப் போய்க் கேட்பவர்கள்: நீலன் திருச்செல்வத்தின் பாராளுமன்ற உரைகளை வாசித்தல்

1999 ஜூலை 29 மாலை ஓகூஸில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது 20 வயது. கொழும்பில் நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்ட செய்தி யாருடையதோ தொலைபேசி வழியாக வந்தது. சமையலறை வாசலில் நின்ற ஒருவர், "சரி, ஒரு துரோகி குறைஞ்சுது" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீலன் பேசியதிலோ எழுதியதிலோ ஒரு வரியைக்கூட நான் அதுவரை வாசித்திருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்துக்குப் போனபோது, பல்கலைக்கழக நூலகத் தட்டொன்றில் அவருடைய பாராளுமன்ற உரைகளின் தொகுப்பைக் கண்டேன். 'டிரான்ஸென்டிங் தி பிட்டர் லெகசி' என்ற தலைப்பில், கொழும்பில் இயங்கும் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 2000 இல் வெளியிட்ட நூல். கசப்பான மரபைக் கடந்து செல்லல் என்று அந்தத் தலைப்பைத் தமிழாக்கலாம். கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது ஒரு காரணம். பாராளுமன்ற உரைகளை யார் வாசிப்பார்கள் என்ற அலட்சியம் இன்னொரு காரணம். இரண்டாவது காரணம் எங்கள் எல்லோருக்கும் பொதுவானது. பாராளுமன்றத்தில் பேசி என்னத்தைக் கண்டோம் என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இப்போது, கால் நூற்றாண்டு கழித்து, அந்த நூலை முழுதாக வாசித்திருக்கிறேன். இந்தக் கட்டுரை நீலனைப் புனிதராக்குவதற்கு எழுதியதல்ல. ஒரு சிறிய கட்சியின் பின்வரிசை உறுப்பினர், பெரும்பாலும் வெறுமையான சபையில் பேசியவற்றை இன்று ஒரு தமிழ் வாசகர் எப்படி வாசிக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அவர் எந்த இடத்திலிருந்து பேசினார் என்பதைச் சொல்லவேண்டும். நீலன் 1944 இல் பிறந்தவர். தந்தை மு. திருச்செல்வம், தமிழரசுக் கட்சியின் செனட்டர். 1965 இல் டட்லி சேனநாயக்கவின் அரசில் உள்ளூராட்சி அமைச்சராகி, மாவட்ட சபைகளைக் கொண்டுவர முயன்று முடியாமல், 1968 இல் பதவி விலகியவர். மகன் சட்டம் படித்து, ஹாவார்ட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1979 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவில் இருந்தார். அந்தச் சபைகளும் தேறவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் அதிகாரப் பகிர்வு என்பது மேடைச் சொல் அல்ல, மேசையில் வைத்து எழுதித் திருத்தும் வரைவு. அந்த வரைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றதைக் கண்ட வீடு அது.

நீலன் முதலில் பாராளுமன்றத்துக்குப் போனது 1983 இல், வட்டுக்கோட்டைத் தொகுதிக்கு. அங்கிருந்த உறுப்பினர் திருநாவுக்கரசு காலமானபின் தமிழர் விடுதலைக் கூட்டணி அவரை நியமித்தது. 1976 இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய தொகுதியின் பெயரில், வரைவெழுதும் சட்டத்தரணி ஒருவர் உறுப்பினரானார். சில மாதங்கள்தான். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, ஓகஸ்ட் 8 ஆம் திகதி ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டைக் கைவிடும் சத்தியப்பிரமாணத்தைக் கூட்டணியினர் எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். நீலனும் அப்படி இழந்தவர்களில் ஒருவர். அவரைத் துரோகி என்று சொன்ன எங்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

இரண்டாம் முறை அவர் போனது 1994 தேர்தலுக்குப் பிறகு, தேசியப் பட்டியல் மூலம். 225 பேர் கொண்ட சபையில் கூட்டணிக்கு 5 ஆசனங்கள். சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105. முஸ்லிம் காங்கிரசையும் மலையக உறுப்பினர் ஒருவரையும் சேர்த்துத்தான் 113 என்ற விளிம்புப் பெரும்பான்மை கிடைத்தது. அந்த அரசுக்கு வெளியே நின்று அதன் தீர்வு முயற்சிக்குக் கைகொடுத்தது கூட்டணி. அமைச்சரும் அல்ல, எதிர்க்கட்சித் தலைவரும் அல்ல, யாழ்ப்பாண வாக்காளரின் நேரடி ஆணை பெற்றவரும் அல்ல என்ற நிலையில்தான் நீலன் ஐந்து ஆண்டுகள் பேசினார்.

அவர் பேசிய சூழல்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இலங்கையில் அவசரகால நிலைப் பிரகடனம் 14 நாட்களுக்குமேல் நீடிக்கவேண்டுமானால் பாராளுமன்றம் அதை அங்கீகரிக்கவேண்டும். 1983 இலிருந்து, சிறு இடைவெளிகளை விட்டால், இது மாதாந்தச் சடங்காகவே நடந்துவந்தது. அமைச்சர் ஒருவர் எழுந்து போர்நிலையைச் சொல்வார், எதிர்க்கட்சி அரசின் திறமையின்மையைச் சாடும், வாக்கெடுப்பு நடக்கும், நிறைவேறும். முடிவு எல்லோருக்கும் முதலே தெரியும். முடிவு தெரிந்த விவாதத்தில் ஒருவர் எப்படிப் பேசுவது? பலர் தொகுதிக்காகப் பேசுவார்கள், நாளைய பத்திரிகைக்காகப் பேசுவார்கள், எதிரே இருப்பவரைக் குத்துவதற்காகப் பேசுவார்கள். அதில் தவறில்லை. அரசியல்வாதி அப்படித்தான் உயிர்வாழ்கிறார்.

நீலனின் உரைகளில் இந்தச் சத்தம் மிகக் குறைவு. அவர் பேசுவது வழக்கொன்றின் எழுத்துமூலச் சமர்ப்பணம் போல இருக்கும். எந்த உரிமை, அரசியலமைப்பு அதற்கு என்ன வரம்பு சொல்கிறது, இலங்கை கைச்சாத்திட்ட சர்வதேச உடன்படிக்கை என்ன சொல்கிறது, நடந்தது என்ன. இந்த ஒழுங்கிலேயே நகர்கிறார். முதல் வாசிப்பில் எனக்கு அலுப்புத் தட்டியது. கோபம் எங்கே என்று தேடினேன். இரண்டாம் வாசிப்பில்தான் ஒன்று புரிந்தது. அவர் அந்தச் சபையில் இருப்பவர்களை வெல்ல முயலவில்லை. பதிவுக்காகப் பேசுகிறார். ஹன்சாட்டில் ஏறவேண்டியது ஏறவேண்டும், பின்னால் யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லமுடியாதபடி. அப்படிப் பார்த்தால் அலங்காரமின்மை ஒரு குறையல்ல. சாட்சி சொல்பவர் அடைமொழி சேர்த்தால் சாட்சியம் பழுதாகும்.

அவர் வேலை செய்த இன்னோர் இடம் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான பாராளுமன்றத் தெரிவுக்குழு. குழு அறையில் நடப்பது சபையில் நடப்பதைவிட இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. மேடையில் ஒரு மணி நேரம் பேசியதை ஆயிரம் பேர் நினைவில் வைத்திருப்பார்கள். குழுவில் ஒரு சொல்லை வைத்திருக்கவோ நீக்கவோ மூன்று மாதம் வாதாடியதை யாரும் அறியமாட்டார்கள். கணினித் துறையில் என் தொழிலில் ஒரு கோப்பின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து எங்கே என்ன மாறியது என்று பார்ப்பது அன்றாட வேலை. அதே பழக்கத்தில் தீர்வுப் பொதியின் பதிப்புகளையும் வைத்துப் பார்த்தேன்.

1995 ஓகஸ்ட் 3 ஆம் திகதி வெளியான முன்மொழிவில் இலங்கை 'பிராந்தியங்களின் ஒன்றியம்' என்று இருந்தது. ஒற்றையாட்சி என்ற சொல் இல்லை. 1948 இற்குப் பிறகு ஓர் இலங்கை அரசு தன் கையால் எழுதிய வரைவுகளில் அதற்கு முன் அப்படி ஒன்று வந்ததில்லை. இந்த முன்மொழிவின் சிற்பிகளில் ஒருவர் நீலன். ஜீ.எல். பீரிஸ் மற்றவர். 1996 ஜனவரியில் சட்ட வடிவம் வந்தபோது 'ஒன்றியம்' என்பதற்கு முன்னால் 'பிரிக்கமுடியாத' என்ற சொல் ஏறியிருந்தது. 2000 ஓகஸ்ட் 3 ஆம் திகதி, முன்மொழிவுக்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, சட்டமூலம் சபைக்கு வந்தபோது 'ஒன்றியம்' என்ற சொல்லே போய்விட்டது. அதற்குப் பதிலாக மத்தியினதும் பிராந்தியங்களினதும் நிறுவனங்களைக் கொண்ட ஒரே அரசு என்று எழுதப்பட்டிருந்தது. தேய்ந்துபோன அந்த வரைவைக்கூட ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் சபைக்குள்ளேயே எரித்தார்கள். அதைப் பார்க்க நீலன் உயிரோடு இல்லை. எரித்தவர்களும் தமிழர் அல்ல, புலிகளும் அல்ல. தீர்வைக் கெடுத்தது யார் என்று வாதிடும் எங்கள் வீட்டுப் பேச்சுகளில் ஒவ்வொருவரும் தமக்கு வசதியான பாதியை மட்டுமே சொல்கிறோம்.

இனி அவருடைய கடைசி உரைக்கு வருகிறேன். 1999 ஜூன் 15 ஆம் திகதி சபையில் பேசினார். அதிலுள்ள ஒரு பகுதிதான் பின்னர் அவரைப் பற்றிய அஞ்சலிகள் எல்லாவற்றிலும் மேற்கோளானது. அதன் சாரம் இது: போர்க்களத்திலாயினும் வேறெங்காயினும் சாவை நாங்கள் மகிமைப்படுத்த முடியாது. மாறாக, வாழ்வைக் கொண்டாடவேண்டும். உயிரின் புனிதத்தைக் காப்பதுதான் அடிப்படை, அது இல்லாவிட்டால் மற்ற உரிமைகளுக்கும் சுதந்திரங்களுக்கும் பொருளில்லை. 44 நாட்களுக்குப் பிறகு, வீட்டிலிருந்து அலுவலகம் போகும் வழியில், கின்சி டெரஸ் சந்தியருகே புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி அவருடைய காரில் பாய்ந்தார். செப்டெம்பரில் அவர் ஹாவார்ட்டுக்குக் கற்பிக்கப் போவதாக இருந்தது.

இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது அது ஒரு மனித உரிமையாளரின் பொதுக் கூற்றுப் போலத்தான் இருக்கிறது. யாரும் மறுக்கமுடியாதது, யாரையும் சுடாதது. தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சாவை மகிமைப்படுத்த முடியாது' என்று தமிழில் எழுதிய உடனே 'வீரச்சாவு' என்ற சொல் எதிரே வந்து நிற்கிறது. 1999 இல் எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லை அல்லாமல் வேறு சொல்லால் ஒரு போராளியின் இறப்பைக் குறிப்பிட்டிருக்க முடியாது. 'புனிதம்' என்ற சொல்லும் அப்படித்தான். அது அன்று துயிலும் இல்லங்களுக்கு உரியதாக இருந்தது. நீலன் அந்தச் சொல்லை இறந்தவரிடமிருந்து எடுத்து உயிரோடிருப்பவரிடம் வைக்கிறார். ஆங்கிலத்தில் கண்ணியமான ஒரு பொதுக்கூற்று, தமிழுக்கு வந்ததும் அந்தக் காலத்தின் மையச் சொற்கள் இரண்டின்மீதும் நேரே போய் மோதுகிறது.

அது ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னதும் அல்ல. அவர் நின்று பேசிய சபையில் அரசு தன் படையினரை 'ரணவிரு' என்று போற்றிக்கொண்டிருந்த காலம் அது. கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படையினரில் ஒருவர் சொன்னதை வைத்து, அதே ஜூன் மாதத்தில்தான் செம்மணியில் புதைகுழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். 15 உடல்கள் எடுக்கப்பட்டன. 2025 இல் அதே செம்மணியில் மீண்டும் தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகளும் வந்தன. 'போர்க்களத்திலாயினும் வேறெங்காயினும்' என்ற சொற்றொடரில் 'வேறெங்காயினும்' என்பதற்குள் செம்மணியும் இருக்கிறது.

இங்கேதான் என் முதல் விமர்சனமும் வருகிறது. இந்த உரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. இலங்கை ஹன்சாட் உறுப்பினர் பேசிய மொழியிலேயே அச்சாகிறது. ஆகவே தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு நீலனின் பங்களிப்பு ஹன்சாட்டிலும் இல்லை, தொகுப்பிலும் இல்லை. கொழும்பின் சட்ட வட்டத்துக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் ஹாவார்ட்டுக்கும் அவர் கேட்டார். யாருடைய மொழியில் 'வீரச்சாவு' என்ற சொல் வாழ்ந்ததோ அவர்களுக்கு அவர் கேட்கவில்லை. தமிழில் அதைச் சொல்லியிருந்தால் இன்னும் முன்னரே கொன்றிருப்பார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் உரையின் குறையை நீக்காது, அதற்கு விளக்கம்தான் தரும்.

என் இரண்டாவது விமர்சனம் இன்னும் கடினமானது. ஓகூஸில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா ஒவ்வொரு நவம்பர் 27 ஆம் திகதியும் மகனுடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறார். மகன் துயின்ற கல்லறையும் இன்று இல்லை. இராணுவம் இடித்துவிட்டது. நீலனின் வரியை நான் அவருக்கு வாசித்துக் காட்டினால், "தம்பி, அப்ப என்ரை பிள்ளை செத்தது ஒண்டுமில்லையோ?" என்று கேட்பார். நான் பலமுறை மனத்துக்குள் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருக்கிறேன். மகிமைப்படுத்துவது வேறு, துக்கம் காப்பது வேறு என்று சொல்லலாம். நீலன் மறுத்தது முதலாவதை மட்டும்தான். வாதமாக அது சரி. ஆனால் அந்த வேறுபாட்டை அவரே சொல்லியிருக்கவேண்டும். அந்த அம்மா அவருடைய கேட்போரின் பட்டியலில் இல்லை. உயிரின் புனிதத்தைப் பற்றிய உரை ஒன்று, உயிரை இழந்த வீட்டுக்கு ஒரு வார்த்தையும் மிச்சம் வைக்காமல் போவது அதன் பலவீனம்.

மூன்றாவது, அவர்மீது அன்றும் இன்றும் வைக்கப்படும் குற்றச்சாட்டு. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணமே வெளியேறி நடந்தது. அந்தப் போரை நடத்திய அரசோடு அதே காலத்தில் அரசியலமைப்பு வரைந்துகொண்டிருந்தவர் நீலன். பொதியைக் காட்டி உலகை வசப்படுத்திக்கொண்டு அரசு போரை நடத்தியது, அதற்கு இவர் முகமூடியானார் என்கிறார்கள். இதைப் பொய் என்று தள்ள என்னால் முடியாது. அரசு அவருடைய பெயரைப் பயன்படுத்தியது உண்மை. வரைவின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை, அவருடைய தந்தை 1968 இல் கற்ற பாடத்தையும் மிஞ்சியது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டை அவருடைய உரைகளை வாசித்துவிட்டு வைப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தவறாகக் கணித்த ஒருவரோடு வாதாடலாம். துரோகி என்ற சொல் அந்த வாதத்துக்கு இடம் வைப்பதில்லை, நான் சிரித்ததும் அதனால்தான்.

இவ்வளவையும் நான் டென்மார்க்கில் இருந்து வாசிக்கிறேன். அது எனக்கு ஒரு விதத்தில் உதவியது, ஏனென்றால் இந்த நாட்டின் ஓர் அரசாங்கம் தமிழரைப் பற்றிப் பாராளுமன்றத்தில் சொன்ன ஒரு வசனத்தால் கவிழ்ந்தது. டேனியர் அதை 'தமிழர் விவகாரம்' என்றே சொல்கிறார்கள். இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகள் பள்ளியில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். முழுக்கதையும் தெரிந்தவர்கள் குறைவு.

1983 இன் வெளிநாட்டவர் சட்டம் அகதிகளுக்கு மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைக்கும் உரிமையைச் சட்டபூர்வமாகக் கொடுத்தது. 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன் தமிழ் அகதிகளின் அந்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடவைத்தார். சட்டத்தை மாற்றவில்லை, கோப்புகளை மட்டும் நிறுத்திவைத்தார். அது இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டு. அங்கே சமாதானம் வரப்போகிறது, இவர்கள் திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் இங்கே இருந்தது. ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு போர் தொடங்கிய பின்னும் கோப்புகள் நகரவில்லை. சபையில் உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். பாராளுமன்றத்தின் ஒம்புட்ஸ்மன் விசாரித்து 1989 இல் கண்டித்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 25 ஆம் திகதி பிரதமர் போல் ஷ்லூட்டர் சபையில் எழுந்து, கம்பளத்துக்குக் கீழே எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார்.

அந்த வசனத்தோடு விவகாரம் முடிந்திருக்கவேண்டும், பெரும்பாலான நாடுகளில் முடிந்திருக்கும். இங்கே அதைத் திரும்பிப் போய்க் கேட்டார்கள். 1990 இல் உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் தலைமையில் விசாரணை நீதிமன்றம் அமைந்தது. 1993 ஜனவரி 14 ஆம் திகதி பல ஆயிரம் பக்க அறிக்கை வந்தது. பிரதமர் சபையைத் தவறாக வழிநடத்தினார் என்றது அறிக்கை. அன்றே ஷ்லூட்டர் பதவி விலகினார். 1910 இற்குப் பிறகு முதல் தடவையாக அமைச்சர்களை விசாரிக்கும் உயர்மன்றம் கூடி, 1995 ஜூன் 22 ஆம் திகதி நின்-ஹன்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. 2021 இல் இங்கர் ஸ்டொய்பேர்க் என்ற முன்னாள் அமைச்சர், இளம் அகதித் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்ததற்காக அதே மன்றத்தில் 60 நாள் தண்டனை பெற்றார்.

டேனிய ஜனநாயகத்துக்கு மாலை போட நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் கோப்புகள் கிடந்த மாதங்களில் அங்கே இருந்த குடும்பங்களுக்கு நடந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. இந்த விவாதங்களில் பேசியவர்களில் ஒரு தமிழரும் இல்லை. பேசப்பட்ட பொருளாக மட்டுமே நாங்கள் அந்தப் பக்கங்களில் இருக்கிறோம். ஆனால் கொழும்பையும் கொப்பன்ஹேகனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெளிகிறது. சபையில் சொன்ன ஒரு வசனத்தின் எடை அதைச் சொன்னவரிடம் மட்டும் இல்லை. நாலு ஆண்டு கழித்துப் பதிவேட்டைத் திறந்து, அன்று நீர் இப்படிச் சொன்னீர் என்று கேட்கும் ஆளிடமும் அது இருக்கிறது. ஷ்லூட்டரின் பொய்யான வசனத்துக்கு அப்படிக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். நீலனின் உண்மையான வசனங்களுக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. சிங்களப் பெரும்பான்மை போகவில்லை, தமிழர் நாங்களும் போகவில்லை.

அவர் மட்டும் அல்ல. ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில் மட்டக்களப்புத் தேவாலயத்துக்குள் சுடப்பட்டார். சிங்களத்திலேயே வாதாடக்கூடிய நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட கடற்படையினர் 2016 இல் விடுதலையானார்கள். இவர்களைக் கொன்றது புலிகள் அல்ல. இவர்களுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம், அது சரி. ஆனால் ரவிராஜ் சபையில் என்ன பேசினார் என்று கேட்டால் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவரைத் துரோகியாக்கி மறந்தோம், மற்றவரை மாமனிதராக்கி மறந்தோம். இருவருடைய உரைகளும் ஹன்சாட்டில் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன.

இந்த இதழை வாசிக்கும் இரண்டாம் தலைமுறையினருக்கு ஆங்கிலமும் டேனிஷும் தமிழைவிட இலகு. நீலனின் நூலை நீங்கள் என்னைவிட வேகமாக வாசிப்பீர்கள். வாசியுங்கள். சரித்திரப் பாடமாக அல்ல, எதிர்வாதம் செய்யும் நோக்கோடு வாசியுங்கள். எங்கே அவர் அரசை நம்பிப் பிழை விட்டார் என்று குறித்து வையுங்கள். தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. இந்த உரைகள் தமிழில் வரவேண்டும். எல்லாம் தேவையில்லை. அவசரகால விவாதங்களில் நாலும், அரசியலமைப்புப் பற்றியவற்றில் நாலும், கடைசி உரையும் போதும்.

கடைசி உரையின் அந்தப் பகுதியை நான் மொழிபெயர்த்துப் பார்த்தேன். மூன்று மாலைகள் எடுத்தது. 'வாழ்வைக் கொண்டாடுதல்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொண்டாட்டம் என்றால் எங்களுக்குப் பிறந்தநாள் வீடு, கேக், ரோல்ஸ், பாட்டு. அந்த அம்மாவின் வீட்டில் அந்தச் சொல்லை வாசிக்க முடியாது. 'வாழ்வைப் போற்றுதல்' என்று மாற்றினேன், அது மேடைப் பேச்சாகிவிட்டது. 'உயிரோடிருப்பதை மதித்தல்' என்று எழுதிப் பார்த்தேன். மூலத்தின் மகிழ்ச்சி அதில் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. இப்போதைக்கு அதை வைத்திருக்கிறேன். அடுத்த நவம்பருக்கு முன் அந்த அம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டவேண்டும். அவர் திருப்பிக் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியோடுதான் அந்த உரை முதல்முறையாகத் தமிழில் விவாதத்துக்கு வரும்.